வயிற்றில் இருந்தது இரையா?

"பெரிய மீன் சின்ன மீனை விழுங்கத்தான் செய்யும்." இந்த வாசகத்தை அண்மைக் காலத்தில் நாம் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறோம்! மூன்று தலைமுறையாக நடந்துவந்த தெருமுனை மளிகைக்கடைக்குப் பூட்டு விழும்போது கேட்கிறோம். கட்டுமரக்காரர் விட்ட வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போகும்போது கேட்கிறோம். நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்து வீடு திரும்பியவரின் திண்ணையில், ஆறுதல் சொல்ல வந்தவர் வாயிலிருந்தே கேட்கிறோம். சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர், பெருமூச்சோடுதான் சொல்கிறார். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. "அது இயற்கையின் சட்டம், யார் என்ன செய்ய முடியும்?" என்று இன்னொரு வாசகத்தையும் சேர்த்துவிடுகிறார். நம் வழக்கு அந்த இரண்டாம் வாசகத்தோடுதான். முதலாவது துயரம், இரண்டாவது தீர்ப்பு. துயரத்தை யாரும் வெளியிடலாம். தீர்ப்பு வழங்குவதற்குச் சாட்சியம் வேண்டும்.

இவ்வழக்கில் சாட்சியாக அழைக்கப்படுவது மீன். நல்லது, மீனையே கூண்டில் ஏற்றுவோம். நேற்றுச் சந்தைக்கு வந்த மீனை அல்ல. முப்பத்தெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் நீந்திய மீனை. நிலவியலார் டெவோனியன் காலம் என்று பெயரிட்டிருக்கும் அக்காலத்தை 'மீன்களின் யுகம்' என்றே பாடநூல்கள் குறிக்கின்றன. தாடை பெற்ற மீன்கள் பல்கிப் பெருகிய காலம் அது. விழுங்குவதற்குத் தாடை வேண்டுமன்றோ? ஆகவே விழுங்குதலே சட்டமென்றால், அதற்கான முதற்சான்று அக்காலத்துக் கடலடியில் கிடைத்தாக வேண்டும்.

அக்கடல்களுள் ஒன்று இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபுறத்தில், கிம்பர்லி வட்டாரத்தில், வறண்ட நிலமாகக் கிடக்கிறது. ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூருக்கு அருகில் கோகோ என்னும் பெயருடைய பெரிய மாட்டுப்பண்ணை ஒன்று உண்டு. அதன் பெயராலேயே அங்குள்ள பாறைத்தொகுதிக்குக் 'கோகோ படிவம்' என்று பெயர். மாடுகள் மேயும் அப்புல்வெளியைச் சுற்றி எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலுக்குள் எழுந்த திட்டுகளாகும். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்கு அத்தொடர் காணப்படுகிறது. நம் காலத்துத் திட்டுகளைப் போலப் பவளங்கள் மட்டும் கட்டியவை அல்ல அவை. ஸ்ட்ரோமடோபோராய்டு எனப்படும், மறைந்துபோன கடற்பஞ்சு இனங்களும், பாசிகளும், நுண்ணுயிர்களும் கூடிக் கட்டியவை. வின்ட்ஜானா என்ற இடத்தில் லென்னார்ட் ஆறு அத்திட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அங்கே நிற்பவர் கடலடியில் நிற்கிறார். இருபுறமும் செங்குத்தாக உயர்வது பழைய கடலின் மதில்.

திட்டை ஒட்டிய ஆழமான பகுதியில் படிந்த சேறே கோகோ படிவம். அங்கு உயிர்வளி குறைவு. இறந்த மீன் அச்சேற்றில் வீழ்ந்தால், அதைக் கிளறித் தின்ன வருவோர் அரிது. அதன் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பு விரைவில் திரண்டு உருண்டையாக இறுகிவிடும். பிறகு மேலே எத்தனை அடுக்குச் சேறு படிந்து அழுத்தினாலும் உள்ளிருக்கும் மீன் நசுங்காது. உலகின் பிற இடங்களில் தொல்மீன்கள் பெரும்பாலும் தாளில் வைத்து அழுத்திய பூப்போலத் தட்டையாகவே கிடைக்கின்றன. கோகோவில் மட்டும் அவை முப்பரிமாணத்தில், இமைக்காமல் நம்மைப் பார்க்கின்றன.

1940களில் கர்ட் டைச்சர்ட் என்னும் ஜெர்மனியில் பிறந்த நிலவியலார் இங்கே மீன் எச்சங்கள் இருப்பதை முதலில் கண்டார். அவற்றைக் கல்லிலிருந்து விடுவிக்கும் கலையை வளர்த்தவர் இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹாரி டூம்ஸ். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, காடிக்குப் புளிப்பைத் தரும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கையிலெடுத்தார். உருண்டைக் கல்லை அதில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும், எலும்பு கரையாது. வெளிப்பட்ட எலும்பைக் கழுவி, உலர்த்தி, பசை பூசி வலுவூட்டி, மீண்டும் ஊறவைக்க வேண்டும். ஒரு மீனுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். 1963இலும் 1967இலும் இலண்டன் அருங்காட்சியகத்தார் பங்கேற்ற குழுக்கள் கோகோவிலிருந்து பெருந்தொகையான உருண்டைகளைச் சேகரித்தன. அவற்றுள் பல இலண்டனுக்குப் போயின. ஏறத்தாழ 50 வகை மீன்கள் இந்த ஒரே படிவத்திலிருந்து இதுவரை அறியப்பட்டுள்ளன.

அவற்றுள் மிகுதியானவை கவச மீன்கள். பிளாக்கோடெர்ம் என்பது அவற்றின் அறிவியல் பெயர். தலையும் மார்பும் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டிருக்கும். கவசம், தாடை, கூரிய விளிம்பு! படம் வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? டெவோனியன் கடலைச் சிறுவர்க்குக் காட்டும் எந்த நூலையும் திறந்து பாருங்கள். ஒரு பெருவாய் திறந்திருக்கும். ஒரு சிறுமீன் அதன் முன் துடித்துக்கொண்டிருக்கும். போர்க்கோலம் பூண்ட உயிர் போரைத் தவிர வேறெதற்கு வாழ்ந்திருக்கும் என்பதே அப்படத்தின் உரை.

இப்போது 1981க்கு வருவோம். இன்சிசோஸ்கியூட்டம் என்ற கவச மீனை அவ்வாண்டில் இரு அறிஞர்கள் முறையாக விவரித்து வெளியிட்டனர். அம்மீன்களுள் ஒன்றின் உடலுக்குள் சின்னஞ்சிறு எலும்புகள் சில காணப்பட்டன. அது அம்மீனின் கடைசி உணவு என்று குறித்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் அக்குறிப்பு அப்படியே நின்றது. யாருக்கும் ஐயம் எழவில்லை. ஏன் எழ வேண்டும்? பெரிய மீனுக்குள் சின்ன மீன் இருந்தால் அது விழுங்கப்பட்டது என்பதுதானே உலக வழக்கு!

2005இல் ஆஸ்திரேலியத் தொல்லுயிர் அறிஞர் ஜான் லாங் தலைமையில் கோகோவுக்குச் சென்ற குழு இன்னுமோர் உருண்டையைக் கண்டெடுத்தது. அமிலத்தில் ஊறிக் கல் கரையக் கரைய, சுமார் 25 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கவச மீன் வெளிப்பட்டது. அதன் உடலின் பின்பகுதிக்குள் ஒரு சிறு மீன். இம்முறை பார்த்த கண்கள் நின்று பார்த்தன. சிறுமீனின் எலும்புகள் பெருமீனின் எலும்புகளோடு இனத்தால் ஒத்திருந்தன. சிப்பிகளை நொறுக்கும் வலிய பல்தகடுகளைக் கொண்ட அப்பெருமீன் மென்று விழுங்கியதற்கான உடைவு எதுவும் சிறு எலும்புகளில் இல்லை. செரிமான அமிலம் அரித்த தடமும் இல்லை. அனைத்துக்கும் மேலாக, சிறுமீனோடு இணைந்து, தாதுவாக மாறிக் கல்லாய் உறைந்திருந்தது ஒரு தொப்புள்கொடி.

2008ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளியாயிற்று. அம்மீனுக்கு இட்ட பெயர் மேட்டர்பிசிஸ் அட்டன்பரோவி. முற்பகுதி இலத்தீனில் 'தாய்மீன்' எனப் பொருள்படும். பிற்பகுதி, 1979இல் தம் தொலைக்காட்சித் தொடரில் கோகோ மீன்களை உலகறியச் செய்த டேவிட் அட்டன்பரோவின் நினைவாக வந்தது. முதுகெலும்புள்ள உயிர்கள் குட்டி ஈன்றதற்கு அதுவரை தெரிந்திருந்த சான்றைவிட ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகள் பழைய சான்று இது. அதன்பின் பழைய இழுப்பறைகள் திறக்கப்பட்டன. 1980களில் சேகரித்த இன்னொரு மீனில், இடம்பெயர்ந்து கிடந்த செதில்கள் என்று கருதப்பட்டவை மூன்று கருக்களின் எலும்புகள் என்று தெரிந்தது. 2009இல் ஜான் லாங், கேட் டிரினாஜ்ஸ்டிக், ஜெரினா ஜோஹான்சன் ஆகியோர் இலண்டனில் இருந்த இன்சிசோஸ்கியூட்டத்தையும் மீண்டும் நோக்கினர். 1981இன் 'கடைசி உணவு' உணவன்று, பிறவாத குஞ்சு. இரை விழுங்கிய மீன் என்று நாம் எண்ணியிருந்தது ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

நம் மொழியில் வயிறு என்ற சொல் இரைப்பைக்கும் பொது, கருப்பைக்கும் பொது. வயிற்றுக்குச் சோறிடுகிறோம், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறோம். எது என்று அறிய, தமிழன் முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்க்கிறான். கல்லிலுள்ள வயிற்றுக்கும் அதே மரியாதையைத் தந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் அம்மரியாதை தரப்படவில்லை. காரணம் சான்றின் குறையன்று. அதே எலும்புகள்தாம் அன்றும் இன்றும் உள்ளன. எதிர்பார்ப்பு முந்திக்கொண்டது.

இதை அவ்விரு அறிஞர்களின் இழுக்காக நாம் சொல்லவில்லை. அவர்கள் கண்டதைக் கண்டவாறு எழுதி, எலும்புகளைப் பாதுகாத்து வைத்தார்கள். அதனாலன்றோ பின்வந்தவர் திருத்த முடிந்தது? தொல்லுயிரியல் தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. நம் மேடைகளும் தலையங்கங்களும்தாம் இன்னும் பழைய ஏட்டையே படித்துக்கொண்டிருக்கின்றன.

பெருவாய்ப் படத்தின் நாயகனான டங்கிலியாஸ்டியஸ் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து கிளீவ்லாண்ட் களிப்பாறையில் கிடைக்கும் இந்தக் கவச மீன், டெவோனியன் கடலின் கொடுங்கோலன் என்று புகழ்பெற்றது. கிடைப்பது தலைக்கவசமும் மார்புக்கவசமுமே; உடலின் எஞ்சிய பகுதி குருத்தெலும்பாதலால் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. இருந்தும் ஒன்பது மீட்டர், பத்து மீட்டர் என்று நூல்கள் எழுதிவந்தன. 2023இல் ரசல் எங்கல்மன் என்ற ஆய்வாளர், தலையின் நீளத்தைப் பிற மீன்களின் அளவுகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு, அது ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு மேல் போகாது என்று காட்டினார். நான்கு மீட்டர் மீனும் பெரிய மீன்தான், கடித்தால் விடாது. ஆயினும் பாதிக்கு மேல் அம்மீனை வளர்த்தது கடல் அன்று, நம் கற்பனை.

"அப்படியானால் அக்காலத்து மீன்கள் ஒன்றையொன்று தின்னவே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். அவ்வாறு சொன்னால் நம்மைப் பைத்தியக்காரர் என்பார்கள். தின்றன. கோகோவிலேயே ஈஸ்ட்மனாஸ்டியஸ் என்னும் பெருங்கவச மீன் உண்டு. அதன் தாடை கீரை தின்பதற்கு அமைந்ததன்று. நாம் கேட்பது வேறு. ஒரே கடலில் தின்னலும் இருந்தது, ஈனலும் இருந்தது. ஒரு திட்டைப் பல்லாயிரம் தலைமுறை சேர்ந்து கட்டியதும் இருந்தது. இவற்றுள் ஒன்றைமட்டும் பொறுக்கி எடுத்து 'சட்டம்' என்று முத்திரை குத்தியவர் யார்? மீன் குத்தவில்லை.

டார்வின் தலையில் இப்பழியைப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. 1859இல் வெளிவந்த தம் நூலில், வாழ்க்கைப் போராட்டம் என்ற சொல்லை விரிந்த உருவகப் பொருளில் ஆள்வதாகவும், ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்திருப்பதும், வழித்தோன்றல்களை விட்டுச்செல்வதும் அதனுள் அடங்கும் என்றும் அவர் தெளிவாகவே எழுதினார். 'தக்கது பிழைக்கும்' என்னும் தொடரை 1864இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர்; டார்வின் அதை 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டார். அங்கும் தக்கது என்றால் சூழலுக்குப் பொருந்தியது என்றே பொருள். நம்மவர் அதை 'வல்லது வாழும்' என்று பெயர்த்து, வல்லவர் கையில் கொடுத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைக்காட்டிலும் வேதனை, நம் நாட்டிலேயே இவ்வுவமைக்கு இருந்த பொருளை நாம் தொலைத்ததுதான். 'மச்ச நியாயம்' என்பது பழைய வடமொழி அரசியல் நூல்களின் சொல். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலை என்பதே அதன் பொருள். ஆனால் அது புகழ்ச்சியாகவோ, தவிர்க்க முடியாத விதியாகவோ சொல்லப்பட்டதன்று. தண்டநீதி இல்லாதொழிந்தால் நேரும் கேட்டுக்கே அர்த்தசாஸ்திரம் அப்பெயரைத் தருகிறது. வலியவன் எளியவனை விழுங்காதபடி தடுக்கவே அரசு வேண்டும் என்பது அதன் வாதம். 8ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் குழப்பம் சூழ்ந்தபோது, மச்ச நியாயத்துக்கு முடிவுகட்டவே கோபாலன் என்பவன் அரசனாக்கப்பட்டான் என்று அவன் மகன் தர்மபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு கூறுகிறது. அரசு எதைத் தடுப்பதற்காக ஏற்பட்டதோ, அதையே இன்று அரசு கைகட்டி நிற்பதற்குக் காரணமாகச் சொல்கிறோம். மளிகைக்கடையை மூடியது வாடகை உயர்வா, கடனா, நட்டத்தில் விற்றுப் போட்டியை ஒழிக்கும் பெருமுதலா என்று விசாரித்தால் விடை கிடைக்கும். வலையை அறுத்த படகு தடைசெய்த எல்லைக்குள் வந்ததா என்று கேட்டாலும் விடை கிடைக்கும். மீனைச் சாட்சிக்கு அழைப்பவர் இந்த விசாரணையைத் தவிர்க்கவே அழைக்கிறார்.

மறுபக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. தொப்புள்கொடி என்று கேட்டதும் கண்கலங்கி, 'இயற்கையின் சட்டம் அன்பே' என்று முழங்கப் புறப்படுவோர் உண்டு. பிரசங்க மேடையில் நிற்கும் நம் போன்றோருக்கு இச்சபலம் அதிகம். மேட்டர்பிசிஸ் தன் குஞ்சை நேசித்ததா என்பதைக் கல் சொல்லாது. வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் சாந்தமயம் என்பதும் பொய். இன்றைய கடலில் வாழும் மணற்புலிச் சுறாவின் வயிற்றிலேயே, முதலில் வளர்ந்த குட்டி தன் உடன்பிறப்புகளைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறது. தாய்மைக்கு மேடைப்பேச்சு வேண்டுமென்றால் அதற்குத் தாய்மார் இருக்கிறார்கள். மீனைத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. தாடையிலிருந்து அங்காடிக்குச் சட்டம் எடுப்பது எப்படிக் குற்றமோ, தொப்புள்கொடியிலிருந்து இல்லறத்துக்குச் சட்டம் எடுப்பதும் அப்படியே.

கவச மீன்களுக்குப் பின்னர் நேர்ந்ததையும் இரு சாராரும் கேட்கட்டும். கோகோவின் சேறு படிந்து ஒரு கோடி ஆண்டு கழிவதற்குள் உலகெங்கும் திட்டுகள் பெருமளவில் அழிந்தன. சுமார் முப்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலம் முடிவுறும்போது கவச மீன்கள் அனைத்துமே மறைந்தன. கடல் முழுவதையும் நிரப்பியிருந்த குலம்! தாடையுள்ளதும் போயிற்று, நொறுக்கும் பல்தகடுள்ளதும் போயிற்று. குட்டி ஈன்றதும் போயிற்று, நான்கு மீட்டர் கொடுங்கோலனும் போயிற்று. கடல்நீரில் உயிர்வளி குன்றியது இவ்வழிவின் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நீர் கெட்டபோது பெரிய மீன் என்றும் சின்ன மீன் என்றும் பார்க்கவில்லை.

கோகோவின் உருண்டைகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. 2022இல் கேட் டிரினாஜ்ஸ்டிக்கும் அவர்தம் குழுவினரும், கல்லை அமிலத்தில் இடாமலே, நியூட்ரான் கதிர்களாலும் வலிமைமிக்க எக்ஸ் கதிர்களாலும் ஊடுருவிப் பார்த்து, ஒரு கவச மீனின் இதயத்தையும், கல்லீரலையும், குடலையும், உண்மையான இரைப்பையையுமே கண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இரண்டு அறைகள் கொண்டு ஆங்கில எஸ் எழுத்தின் வளைவில் இருந்தது அந்த இதயம். 2024இல் அதே படிவத்திலிருந்து சீலகாந்த் இனத்து மீன் ஒன்று விவரிக்கப்பட்டது. சீலகாந்த் என்றோ அழிந்ததாக நம்பப்பட்டு, 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு வலையில் அகப்பட்டதை வாசகர் அறிவர். அம்மீன் முட்டையிடுவது என்றே அதன்பின்னும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1975இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் நெடுநாளாக வைத்திருந்த ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே ஐந்து குஞ்சுகள் பிறக்கும் தறுவாயில் இருந்தன.

கோகோவின் புதிய சீலகாந்துக்கு இலண்டன் பெயரோ, இலத்தீன் பெயரோ இடவில்லை. ங்கமுகாவி விர்ங்கரி என்பது அதன் பெயர். அந்நிலம் கூனியாண்டி மக்களுடையது. 2013இல் ஆஸ்திரேலிய நீதிமன்றமும் அவர்களுடைய பூர்விக உரிமையை ஏற்றுக்கொண்டது. 1963இல் உருண்டைகள் கப்பலேறிய காலத்தில் அத்தகைய உரிமை ஏட்டளவிலும் இல்லை. ங்கமுகாவி என்றால் அவர்கள் மொழியில் தொன்மையான மீன். விர்ங்கரி அவர்கள் போற்றும் மூதாதை ஒருவரின் பெயர். இன்று அவ்வட்டாரத்தில் வாழும் குடும்பங்கள் பல அவர் வழி வந்தவை.